துக்கத்தைப் பங்கிட்டுக்கொண்ட துஹெட்

கார் நிக்கோபாரின் பழைய ஊர் ஒவ்வொன்றுக்கும் கடலை ஒட்டி ஒரு பொதுத்திடல் இருந்தது. அதற்கு எல்-பனம் என்று பெயர். அயல் தீவுகளிலிருந்து வரும் தோணிகள் அங்கேதான் ஒதுங்கும். ஊர்க்கூட்டமும் பந்தயமும் பெருவிருந்தும் அங்கேதான். பிரசவத்துக்கு ஒரு குடிசை, சாவுக்கு ஒரு குடிசை, பக்கத்திலேயே இடுகாடு என்று மனித வாழ்வின் இரு முனைகளும் அந்தத் திடலில் அமைந்திருந்தன. துஹெட் எனப்படும் பெருங்குடும்பங்களின் கூம்புக் கூரை வீடுகள் தென்னந்தோப்புகளுக்குள் தள்ளி இருக்கும். நிலம், தென்னை, பன்றி, தோணி எல்லாம் துஹெட்டின் பொதுச் சொத்து. பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கும் அங்கே அடுப்பும் பாயும் உண்டு.

நோய், போதை, இழப்பு ஆகியவற்றால் வாடுகிறவர்கள் தங்களைப் போன்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பேசும் ஆதரவுக் குழுக்களைப் பற்றி இன்று நகரங்களில் நிறையப் பேசுகிறோம். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அப்படியொரு குழுவைத் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் திடலின் வரலாற்றை.

நிக்கோபாரியரின் சாவுச் சடங்குகளைப் பற்றி ஆங்கிலேய அதிகாரி ஈ. எச். மேன் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். நான்கௌரித் துறைமுகத்தில் 1869 முதல் 1888 வரை இயங்கிய கைதிகள் குடியேற்றத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர் அவர். ஒருவர் இறந்ததும் அவர் புழங்கிய சட்டி பானைகள் உடைக்கப்படும். ஈட்டிகள் முறிக்கப்பட்டுக் கல்லறைமேல் வைக்கப்படும். இறந்தவரின் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. அதே பெயர் கொண்டவர் உயிரோடிருந்தால் அவர் தன் பெயரை மாற்றிக்கொள்வார். இந்தப் பெயர்த் தடையைக் கண்ட ரோப்ஸ்டார்ஃப் என்ற இன்னொரு அதிகாரி, இப்படிச் செய்தால் இந்த மக்களிடம் வரலாறு எப்படித் தங்கும் என்று வியந்து எழுதினார். அவர் ஆய்வாளராகப் பார்த்தார். சாவு நடந்த வீட்டில் ஒரு பெயர் காதில் விழுந்தாலே அடிவயிறு கலங்கும் என்பது தெரிந்தவர்களுக்கு அந்தத் தடையின் பரிவு புரியும்.

துக்கம் காப்பவர்கள் சில உணவுகளை விலக்கினார்கள். ஆட்டமும் பாட்டும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அந்த விலக்குக்கு ஒரு முடிவு இருந்தது, அதை ஊரே கூடி முடித்துவைத்தது. அடக்கத்துக்குப் பிறகு அடுத்தடுத்து விருந்துகள் நடக்கும். சில ஆண்டுகள் கழித்து எலும்புகளைத் தோண்டியெடுத்துத் துடைத்து மீண்டும் அடக்கம் செய்யும் பெருவிழாவும் வரும். கார் நிக்கோபாரில் இது பன்றி விருந்தாகவே பெயர்பெற்றது. விழாவுக்குப் பன்றிகள் வேண்டும், அவற்றைத் தேங்காய் போட்டு ஆண்டுக்கணக்கில் வளர்க்க வேண்டும், அயலூர்த் துஹெட்டுகளை அழைக்க வேண்டும், அவர்கள் கொண்டுவந்ததை நினைவில் வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டும். ஆக, கணவனை இழந்த ஒருத்தியின் துக்கத்தோடு பல ஊர்கள் சில ஆண்டுகளுக்குக் கட்டுப்பட்டிருந்தன. அவளை யாரும் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டுவிட்டு நகர முடியாது. அவளுக்காக வளரும் பன்றிக்கு யாராவது தினமும் தீனி வைத்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் எட்டுத் துக்கம், பதினாறாம் நாள் காரியம், தலைத் திவசம் என்று காலத்தைப் பகுத்து வைத்திருப்பதும் இதே அறிவுதான். நிக்கோபாரில் அந்தக் காலக்கணக்கு இன்னும் நீளமானது.

இந்த உலகத்துக்குள் ஒரு தமிழர் நுழைந்தார். வேதப்பன் சாலமன் என்ற உபதேசியார் போர்ட் பிளேரில் நிக்கோபார்ச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். பிறகு 1890-களில் கார் நிக்கோபாரின் வடமுனையில் உள்ள மூஸ் ஊரில் போய்த் தங்கினார். அரசின் முகவர் வேலையும் அவரிடமே இருந்தது. அவர் எழுதிய நாட்குறிப்புகள்தான் அந்தக் காலத்து ஊர் வாழ்க்கைக்கு நேரடிச் சாட்சி. அவரிடம் படித்த மூஸ் ஊர்ச் சிறுவன் பர்மாவின் மாந்தளைக்குப் போய்ப் படித்துத் திரும்பி ஆசிரியராகி, பாதிரியாராகி, கடைசியில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சனாக வளர்ந்தார். 1952-ல் அமைந்த முதல் மக்களவைக்குத் தீவுகளின் சார்பில் நியமிக்கப்பட்டவரும் அவரே.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பில், உளவாளிகள் என்ற சந்தேகத்தின் பேரில் நிக்கோபாரியர் பலர் சித்திரவதைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார்கள். போர் ஓய்ந்தபின் தீவு மிக வேகமாகக் கிறிஸ்தவத்துக்கு மாறியது. ஆவிகளுக்கான பழைய அச்சங்கள் மங்கின. ஆனால் துஹெட்டும் விருந்தும் பன்றியும் நின்றுபோகவில்லை. கல்லறையில் சிலுவை ஏறியது, அருகே வட்ட ஆட்டமும் தொடர்ந்தது. ரிச்சர்ட்சன் ஊர்த் தலைவர்களை அரவணைத்தே திருச்சபையைக் கட்டினார் என்பது இதற்கு முக்கியமான காரணம். இன்றும் ஊர்த் தலைவரைக் ‘கேப்டன்’ என்றுதான் அழைக்கிறார்கள். அவர்கள் கூடுவது பழங்குடி மன்றம்.

காலப்போக்கில் குடியிருப்புகள் கடற்கரைக்கு நெருங்கி வந்துவிட்டன. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை 6.28-க்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடி பிளந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்த சுனாமிப் பேரலையில் நிக்கோபாரின் கரைகள் இல்லாமல் போயின. கார் நிக்கோபாரின் விமானப்படைத் தளத்தில் மட்டும் வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். டிரிங்கெட் தீவு துண்டு துண்டானது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் நின்றது. அரசுக் கணக்கில் அந்தமான் நிக்கோபார் முழுவதிலும் இறந்தோரும் காணாமல் போனோருமாக 3,513 பேர். 2001-ல் 42,068 ஆக இருந்த நிக்கோபார் மாவட்ட மக்கள்தொகை 2011-ல் 36,842 ஆகக் குறைந்திருந்தது. நாடெங்கும் எண்ணிக்கை ஏறிய பத்தாண்டு அது.

எல்-பனங்கள் கடலோடு போயின. பிரசவக் குடிசை, சாவுக் குடிசை, இடுகாடு, புதிய கல்லறை, பழைய எலும்பு எல்லாம் போயின. கச்சால் தீவின் ஊர்கள் பல அழிந்தன. இலங்கை மலையகத்திலிருந்து சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்து, அங்குள்ள ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்கு அமர்ந்த தமிழ்க் குடும்பங்களும் அந்தத் தீவில்தான் இருந்தன. நிக்கோபாரியருக்குத் தோண்டியெடுக்க எலும்பு இல்லை, விருந்துக்குப் பன்றி இல்லை, பன்றிக்குப் போடத் தேங்காய் இல்லை. துக்கம் வந்தது, துக்கத்தை முடிக்கும் வழி மூடிக்கொண்டது. உடல் கிடைக்காத சாவின் கொடுமை நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் பலருக்குத் தெரிந்ததுதான். தமிழ் வீடுகளில் தர்ப்பையால் உருவம் செய்து எரித்தாவது காரியத்தை முடிப்பார்கள். நிக்கோபார் முறைக்கு அந்த மாற்று ஏற்பாடும் எளிதில்லை, ஏனென்றால் அதற்கு வேண்டியது ஊர்களின் கூட்டம், ஆண்டுக்கணக்கான சேமிப்பு.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் மனநல மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் பேரலைக்குப் பின்வந்த முதல் மாதங்களில் தீவுகளில் இருந்தார்கள். போர்ட் பிளேர், கார் நிக்கோபார் முகாம்களில் மக்களோடு பேசி அவர்கள் எழுதிய அறிக்கை 2006-ல் வெளியானது. தொடக்கக் கட்டத்தில் குறிப்பிடத்தக்க மனநலச் சிக்கல் உள்ளவர்கள் நூற்றுக்கு 5 முதல் 8 பேர் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். உதவி குறைந்து, வந்தவர்கள் ஊர் திரும்பி, இழப்பு முழுதாக உறைக்கும் காலத்தில் அது 25 – 30 ஆக உயரக்கூடும் என்றும் எச்சரித்தார்கள். அந்த அறிக்கை சொன்ன இன்னொரு செய்தி கூடுதல் கவனத்துக்கு உரியது: கூட்டுக் குடும்ப முறையில் வாழ்ந்த நிக்கோபாரியரிடம் தாங்கும் வலு அதிகமாக இருந்தது. அதே மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், சொந்த இடத்தை விட்டுப் பெயர்க்கப்பட்டவர்களிடம் மனநோய் 5.2 விழுக்காடு, பெயராதவர்களிடம் 2.8 விழுக்காடு.

அவர்கள் செய்த வேலையில் மாத்திரைக்குச் சிறிய இடமே இருந்தது. நிம்ஹான்ஸ் 1999 ஒடிசாப் புயலிலும் 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் கற்றுப் பக்குவப்படுத்திய முறை அது. பேச விடுவது, குறுக்கிடாமல் கேட்பது, உறவுகளோடு மீண்டும் இணைப்பது, கைக்கு ஒரு வேலை தருவது, விளையாட்டு, வழிபாடு, தேவைப்பட்டால் மட்டும் மருத்துவரிடம் அனுப்புவது. இதை ஆசிரியர்களுக்கும் அந்தந்த ஊர்ப் பணியாளர்களுக்கும் சொல்லிக்கொடுத்து அவர்களைக் கொண்டே நடத்தினார்கள். வெளியாள் சில வாரங்களில் கப்பலேறிவிடுவார், பள்ளி ஆசிரியர் அங்கேயே இருப்பார் என்ற கணக்கு சரியான கணக்கு.

தமிழ்நாட்டுக் கரையிலும் பேரலைக்குப் பின் இதை ஒத்த ஒரு முயற்சி நடந்தது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பைத் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்கும் தொண்டர்கள்தான் நடத்துகிறார்கள். பேரலையில் குடும்பத்தினரைப் பறிகொடுத்தவர்களைப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் ஓராண்டு காலம் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். அப்படித் துணை கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டபோது, துணை கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. கேட்டவர்கள் மருத்துவர்கள் இல்லை, திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தவர்கள்.

நிக்கோபாரின் கதை அங்கே நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் நிவாரணம் துஹெட்டின் வாசல் வழியாக வரவில்லை. ஊர்த் தலைவர்கள் கேட்டவற்றில் முதன்மையானவை கோடாரி, அரிவாள், கருவிகள். வீட்டையும் தோணியையும் தாங்களே செய்துகொள்வோம் என்றார்கள். வந்ததோ தகரக் கொட்டகை. வெயிலில் கொதிக்கும், மழையில் இரையும் அந்தக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தபின் நிரந்தர வீடுகள் கிடைத்தன; தீவுகள் முழுவதுக்கும் 9,797 வீடுகள். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று ஒரு சிறு குடும்பத்துக்கு ஒரு வீடு, ஒரு வங்கிக் கணக்கு, அதில் ஓர் இழப்பீட்டுத் தொகை என்ற அளவுகோலே எங்கும் இருந்தது. நிலமும் தென்னையும் பொதுவாக இருந்த இடத்தில் பணம் மட்டும் தனித்தனியாக விழுந்தது. நிக்கோபாரைப் பேரலைக்கு முன்பிருந்தே ஆராய்ந்துவந்த மானுடவியலாளர் சிம்ரன் ஜீத் சிங் இதன் விளைவுகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். மோட்டார் சைக்கிள், தொலைக்காட்சி, கைப்பேசி வந்தன. தென்னை மறுபடி காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகும் என்பதால் கையில் வேலை இல்லை. மது அந்த வெற்றிடத்தில் புகுந்தது.

கள் நிக்கோபாரியருக்குப் புதிதல்ல. தென்னங்கள் விருந்தின் பகுதி, அது மரத்தின் அளவுக்கும் விழாவின் நாளுக்கும் கட்டுப்பட்டது. காசு கொடுத்து வாங்கும் சாராயத்துக்கும் புட்டி மதுவுக்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதை ஒருவன் தனியாக உட்கார்ந்து குடிக்க முடியும்.

போதையின் வழியாகத் தீவு மக்கள் அழிக்கப்பட்டதற்கு இதற்கு முன்பே கொடிய சான்று உண்டு. 1858-ல் கைதிகள் குடியேற்றம் தொடங்கிய சில ஆண்டுகளில் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ என்ற ஒன்றைத் திறந்தார்கள். பழங்குடிகளைப் பழக்கிவைக்கும் இடம் அது. புகையிலையும் மதுவும் அபினும் அவர்களிடம் பரவின; மேகநோயும் 1877-ன் தட்டம்மையும் சேர்ந்துகொண்டன. ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் 1961 கணக்கெடுப்பில் 19 பேர். நம் காலத்திலேயே, 2008 டிசம்பரில், சிறிய அந்தமானின் டியூகாங் கிரீக்கில் கரை ஒதுங்கிய புட்டியில் இருந்ததை மது என்று நம்பிக் குடித்த ஒங்கே இனத்தவர் எட்டுப் பேர் இறந்தார்கள். மொத்தமே நூறு பேர் அளவில் இருந்த இனத்தில் எட்டுப் பேர். எந்த நகரத்து விபத்தையும் இதன் பக்கத்தில் வைக்க முடியாது.

குடியிலிருந்து மீள்வதற்கான குழு முறை 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பிறந்தது. பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும், குடிகாரனுக்கு இன்னொரு குடிகாரன் சொல்வதுதான் உறைக்கும் என்று கண்டுகொண்டார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அந்த அமைப்பு 1950-களில் இந்தியாவுக்கு வந்தது. இன்று தமிழில் கூட்டம் நடக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் பல. பெயர் சொல்ல வேண்டாம் என்பது அதன் அடிப்படை விதி. சென்னையில் அது பொருந்தும். மயிலாப்பூர்க்காரர் பெரம்பூர்க் கூட்டத்தில் போய் உட்காரலாம். 2011 கணக்குப்படி 17,841 பேர் மட்டுமே வாழும் கார் நிக்கோபாரில் யார் மகன் எந்தக் கடையில் வாங்கினான் என்பது மாலைக்குள் ஊருக்குத் தெரியும். முகம் மறைக்க இடமில்லாத ஊரில் ஊரையே துணையாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

அதற்கும் தமிழ்நாட்டில் முன்மாதிரி இருக்கிறது. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, சென்னை இந்திரா நகரில் மருத்துவமனை நடத்துவதோடு நிற்கவில்லை. திருவாரூர்ப் பகுதியின் மஞ்சக்குடி கிராமத்துக்கே சிகிச்சையைக் கொண்டுபோனது. ஊருக்குள் முகாம், பதினைந்து நாள் சிகிச்சை, கூடவே மனைவிக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை, குடியை விட்டவர்களைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பது. இடம் தருவது, சமைப்பது, பார்த்துக்கொள்வது ஆகியவற்றில் ஊர்க்காரர்களுக்கும் பங்கு. நோயாளி எல்லோருக்கும் தெரிந்தவர் என்பது அங்கே வெட்கத்துக்குரிய விஷயமாக இல்லாமல் அவரைத் தாங்கும் கயிறாக மாறியது. துஹெட் நினைவு இன்னும் உயிரோடிருக்கும் தீவுகளுக்கு ஆக்ரனைவிட மஞ்சக்குடி பக்கம்.

இன்றைய நிலையில் தீவுகளில் உதவி தேடும் தமிழ்க் குடும்பத்துக்குச் சில வாசல்கள் உண்டு. 2011-ல் தீவு மக்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவரின் தாய்மொழி தமிழ் என்பதால் இது சிறிய கூட்டமும் இல்லை. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது. கார் நிக்கோபாரில் பிஷப் ரிச்சர்ட்சன் பெயரிலேயே மருத்துவமனை. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இவை அவசியமானவை. ஆனால் கப்பலுக்கும் ஹெலிகாப்டருக்கும் காத்திருக்கும் ஒரு தீவில், தொலைபேசியை வைத்தபின் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். கேப்டன், உபதேசியார், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர் ஆகியோரை அந்த ஆளாக ஆக்குவதற்கான பயிற்சியை 2005-லேயே செய்து பார்த்தாகிவிட்டது. ஒரு பேரிடரோடு அதை நிறுத்திவிடாமல் ஆண்டுதோறும் நடத்தச் செலவு அதிகம் ஆகாது.

பெரிய நிக்கோபாரில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று காத்திருக்கிறது. பேரலைக்கு முன் அத்தீவின் தெற்கு, மேற்குக் கரைகளில் சிங்கேன், கோகியோன், புலோபாபி போன்ற ஊர்களில் வாழ்ந்த நிக்கோபாரியரைக் காம்ப்பெல் பே பக்கம் ராஜீவ் நகர், புதிய சிங்கேன் குடியிருப்புகளில் தங்கவைத்தார்கள். தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்த இடங்களிலேயே இருபது ஆண்டுகள் போய்விட்டன. எங்கள் தோப்புகளுக்கும் மூதாதையர் மண்ணுக்கும் திரும்ப அனுமதியுங்கள் என்று அவர்கள் நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதற்கிடையில் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று பெருந்திட்டம் வந்தது. 2022 ஆகஸ்டில் தடையில்லாச் சான்று தந்திருந்த பழங்குடி மன்றம், பழைய ஊர்களின் நிலமும் திட்டத்துக்குள் வருகிறது என்று அறிந்தபின் நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. பெயர்க்கப்பட்டவர்களிடம் மனநோய் ஏறக்குறைய இரு மடங்கு என்று மருத்துவர்கள் எழுதியது இவர்கள் வாழும் தீவுகளைப் பற்றித்தான். திரும்பிப் போகும் அனுமதியை இவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.